லீக்டன்ஸ்டைனில் என் வாய் செய்த வேலை

ஒரு நாட்டின் வோட்டையே என் வாயால் கெடுக்கப் பார்த்தவள் நான். நாடு சின்னதுதான். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் ஏதோ இருமல் மருந்து என்று நினைப்பார்கள். இருந்தாலும் நாடு நாடுதானே! அதற்கென்று ஒரு ராஜா இருக்கிறார், மலைமேல் கோட்டை இருக்கிறது, கொடி இருக்கிறது, அந்த வருடம் பனிச்சறுக்கில் உலகப் பதக்கம் வாங்கிய பிள்ளைகள்கூட இருந்தார்கள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதை நான் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் தெரிந்துகொண்டேன்.

எண்பத்து நான்காம் வருடம் அது. என் அக்கா பிரான்சில் இருக்கிறாள். அவள் கட்டிக்கொண்டது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தாவை. புதுச்சேரியில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் பாரீசுக்கு வோட்டுப் போடுவார், பக்கத்து வீட்டுக்காரர் டில்லிக்குப் போடுவார். அக்கா மகள் ரேவதி அங்கே படித்துக்கொண்டிருந்தபோது மார்ட்டின் என்ற பையனைப் பார்த்து, கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, லீக்டன்ஸ்டைனுக்கு மருமகளாகப் போய்விட்டாள். இப்போது தலைப்பிரசவம். அக்காவோ படியில் விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். "நீதான் நர்சாச்சே, எனக்குப் பதிலா நீ போய்ப் பாத்துக்கடி" என்று கடிதம் போட்டாள்.

என் வீட்டுக்காரர் மில் தொழிலாளி. அதைவிட முக்கியமாக, கட்சிக்காரர். தேர்தல் வந்தால் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு கிளம்பினார் என்றால் சோற்றுக்குக்கூட வீட்டுக்கு வரமாட்டார். நான் கிளம்புகிறேன் என்றதும் அவர் சொன்னது ஒன்றுதான்.

"போய்ட்டு வா அஞ்சல. ஆனா அங்க போயி வாய வச்சிக்கினு சும்மா இரு."

அந்த மனுஷன் எத்தனையோ தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சொன்னது மட்டும் சரி.

பெட்டியில் துணி குறைவு, மருந்து அதிகம். பிரசவ லேகியம், சுக்கு, மிளகு, பூண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக வம்பாகீரப்பாளையத்தில் சொல்லிவைத்து வாங்கிய சுறாக் கருவாடு. பால் சுரக்க அதைவிட்டால் வேறு மருந்து கிடையாது என்பது என் கட்சி. மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதன்மேல் பழைய புடவையைச் சுற்றி எடுத்துப்போனேன்.

சூரிக்கில் ரயில் ஏறினேன். சார்கான்ஸ் என்ற ஊரில் இறங்கு, அங்கே மஞ்சள் நிற பஸ் நிற்கும் என்று ரேவதி எழுதியிருந்தாள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஏரி. ஏரிக்குப் பின்னால் மலை. மலைமேல் ஜூன் மாதத்தில் பனி! எங்கள் கடற்கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் தட்டையாகத்தான் கிடக்கும். இங்கே பூமி எழுந்து நின்றுகொண்டிருந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் சார்கான்ஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் நின்ற ரயில் கிளம்பும்போது பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது. ஐயோ, திரும்பவும் சூரிக்குக்கே போகிறதே என்று பதறினேன். ஒரு ஆறு வந்தது, வயல் வந்தது, நாலு வீடு வந்தது. அடுத்து நின்றபோது யூனிபாரம் போட்ட ஒருவர் ஏறி, என் பாஸ்போர்ட்டையும் கையிலிருந்த விலாசத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அம்மா, இது ஆஸ்திரியா. நீங்கள் போகவேண்டிய நாடு பின்னால் போய்விட்டது" என்றார் இங்கிலீஷில்.

ஊரைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு நாட்டையே தவறவிட்டிருந்தேன். ஆனால் எனக்கு அது அவ்வளவு பெரிய ஆச்சரியமாக இல்லை. பாகூர் போவதற்குள் தமிழ்நாட்டில் நுழைந்து மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறவர்கள் நாங்கள். எல்லை என்பது பஸ்ஸில் தூங்கிப்போனால் தெரியாத ஒரு விஷயம்தான் எங்களுக்கு.

அந்த அதிகாரியே போன் போட்டுச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் வைக்கோல் வாசனை அடிக்கும் ஒரு சின்னக் காரில் ரேவதியின் மாமனார் வந்து சேர்ந்தார். பெயர் யோசெஃப். எங்கள் ஊர் என்றால் சூசை என்று கூப்பிட்டிருப்போம். அறுபத்தைந்து வயது, ஆறடி உயரம், சிவந்த கழுத்து. தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். என் பெட்டியைத் தூக்கினார். மூக்கைச் சுருக்கினார். அதைக் காருக்குள் வைக்காமல் மேலே வைத்துக் கயிற்றால் கட்டினார். கருவாட்டுக்கு முதல் மரியாதை அப்படி நடந்தது.

வீடு தலைநகரம் வாடூஸுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில். பன்னிரண்டு மாடு, கொஞ்சம் திராட்சைத் தோட்டம். ரேவதி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து "சித்தி!" என்று கட்டிக்கொண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய மாமியார் ஹில்டா என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையில் எங்கள் மில் பெண்களுக்கு இருப்பதுபோலக் காய்ப்பு இருந்தது. பார்த்தவுடன் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மறுநாள் காலை தட்டில் வைத்த பலகாரத்தைப் பார்த்து, அட, உப்புமா என்றேன். ரீபெல் என்று பெயராம். மக்காச்சோள ரவையை வெண்ணெயில் உதிர் உதிராக வறுத்தது. தாளிப்பு கிடையாது. அதை ஒரு கரண்டி எடுத்து, பால் காப்பியில் முக்கி, அப்படியே சாப்பிடுகிறார்கள்! உப்புமாவைக் காப்பியில் முக்கினால் எங்கள் வீட்டில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். ஆனால் மூன்றாம் நாள் நானும் முக்கினேன். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் கருவாட்டை வறுத்தேன். யோசெஃப் மாட்டுத் தொழுவத்திலிருந்து ஓடிவந்தார். ஏதோ பற்றி எரிகிறது என்று நினைத்தாராம். பக்கத்து வீட்டில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஹில்டா மட்டும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வர மென்று முழுங்கி, "நல்லது" என்று தலையாட்டினார். அந்த அம்மாளின் நெஞ்சுரம் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹில்டா செய்யாத வேலை கிடையாது. டிராக்டர் ஓட்டுவார். கன்று மாட்டின் வயிற்றுக்குள் குறுக்கே நின்றால் கையை விட்டுத் திருப்பி இழுப்பார். யோசெஃபின் கண்ணாடி எங்கே இருக்கிறது என்பதும் ஹில்டாவுக்குத்தான் தெரியும். யோசெஃபும் நல்ல மனுஷர்தான். ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் வைத்து, பால் கறந்த பிறகு நெற்றியில் தட்டிக்கொடுப்பார். எனக்கும் அவருக்கும் பாஷையே கிடையாது. கை ஜாடையிலேயே மாட்டு மடியைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறோம்.

தெருமுனையில், பேக்கரிச் சுவரில், பஸ் நிற்கும் இடத்தில் என்று எங்கே பார்த்தாலும் போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒன்றில் 'ஆம்', இன்னொன்றில் 'இல்லை'. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை ரேவதியிடம் கேட்டேன்.

"ஏண்டி, தேர்தலா? இன்னா சின்னம்லாம் நிக்குது?"

"சின்னம்லாம் இல்ல சித்தி. பொம்பளைங்களுக்கு வோட்டுக் குடுக்கலாமா வேணாமான்னு ஆம்பளைங்க வோட்டுப் போடப் போறாங்க. இன்னும் ரெண்டு வாரம் இருக்குது."

எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னாள். சலவை இயந்திரம் இருக்கிற ஊர், வண்டி ஒரு நிமிஷம் தாமதமானால் மன்னிப்புக் கேட்கிற ஊர், அங்கே ஹில்டாவுக்கு வோட்டு இல்லை! பதிமூன்று வருடம் முன்பு ஒரு தடவை ஆண்கள் வோட்டுப் போட்டு, வேண்டாம் என்றார்களாம். அதற்கு இரண்டு வருடம் கழித்து மறுபடி வேண்டாம் என்றார்களாம். இது மூன்றாவது தடவை.

"அத்தைக்கு அறுவத்திரண்டு வயசு ஆவுது சித்தி. இந்தத் தபா இல்லன்னா இனிமே நான் கேக்க மாட்டேன், வெக்கமா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. மார்ட்டின் 'ஆம்'தான் போடுவாரு. மாமாதான் ரெண்டு தபாவும் 'இல்ல' போட்டாரு. இப்பவும் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

அன்று மத்தியானச் சாப்பாட்டில்தான் என் வாய் திறந்தது.

மேஜையில் சீஸ் போட்ட மாவு உருண்டை, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம், தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் ரேவதியிடம், இதை உன் மாமனாரிடம் சொல் என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் இருந்தபோதே என் அம்மா மேரி என்கிற நகராட்சி மன்றத்துக்குப் போய் வோட்டுப் போட்டிருக்கிறாள். கைநாட்டு அவள். எனக்கு வோட்டு வந்தபோது யாரும் எனக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை. நாங்கள் ஏழைகள்தான், ஆனாலும் பாருங்கள்! இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினேன். ரேவதி சொல்லச் சொல்ல ஹில்டாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

யோசெஃப் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். ரேவதி அதை என்னிடம் சொன்னாள்.

"யாருக்குப் போடுறதுன்னு எப்பிடி முடிவு பண்ணுவீங்கன்னு கேக்குறாரு."

நான் யோசிக்கவே இல்லை. இருபது வருடமாக யார் கேட்டாலும் சொல்கிற பதிலைச் சொன்னேன். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் சொல்கிற பதில் அது. பெருமையாகக்கூடச் சொல்வோம்.

"எங்க வீட்டுக்காரர் மொத நாளே சின்னத்தைக் காட்டிடுவாரு. அதுல போடுவேன்."

ரேவதி என்னை முறைத்தாள். யோசெஃப் விடவில்லை, என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் சொல்லவேண்டியதாயிற்று. யோசெஃப் மேஜையில் ஓங்கித் தட்டினார். தட்டுகள் குதித்தன. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு!

"அவர் வீட்டில் புருஷனுக்கு இரண்டு வோட்டு, என் வீட்டில் ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கா இவ்வளவு போஸ்டர்?"

ஹில்டா எழுந்தார். யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை. அவர் பாட்டுக்குத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் தட்டை எடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலை ரேவதிக்கு வலி எடுத்தது. வாடூஸ் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. தலை நிறைய எங்கள் பக்கத்துக் கறுப்பு முடி, உதடு அப்படியே ஹில்டா. நான் பதினைந்து வருடத்தில் எத்தனையோ குழந்தைகளைக் குளிப்பாட்டியிருக்கிறேன். இவளை மட்டும் தொட்டிலில் போட மனம் வராமல் வைத்துக்கொண்டே நின்றேன். யோசெஃப் ஆஸ்பத்திரி வராண்டாவில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதார்.

அந்தச் சந்தோஷம் பாதியாகக் கரைந்தது மூன்றாம் நாள். ரொட்டி வாங்கப் பேக்கரிக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாளுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும், எனக்கும் ஆஸ்பத்திரி அளவுக்குத் தெரியும்.

"புருஷன் காட்டிய இடத்தில் வோட்டுப் போடும் இந்தியப் பெண் நீங்கள்தானா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. வருத்தமாகக் கேட்டாள். அது இன்னும் மோசம். பால் கொண்டுபோய் ஊற்றும் இடத்தில் யோசெஃப் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து மதுக்கடை மேஜைக்குப் போய், அங்கிருந்து அடுத்த கிராமத்துக்கும் போயிருக்கிறது. நாடே எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அளவு. கதைக்கு நடக்க எவ்வளவு நேரம் வேண்டும்? ஆஸ்பத்திரியில் ரேவதிக்கு ஊசி போட வந்த நர்சுக்கும் தெரிந்திருந்தது.

"இன்னா சித்தி, இப்பிடிச் சொல்லித் தொலைச்சிட்டீங்களே!" என்றாள் ரேவதி. "அத்த ராவெல்லாம் தூங்கலையாம். மார்ட்டின் சொல்றாரு. ரெண்டு பக்கமும் சமமா இருக்குதாம். பத்து வோட்டு இப்பிடி அப்பிடிப் போனா போச்சாம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹில்டா என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் காப்பி தந்தார், இரவில் போர்வை தந்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நான் மேஜையில் சொன்னது பொய்.

எண்பதாம் வருடத் தேர்தலுக்கு முதல் நாள் என் வீட்டுக்காரர் வழக்கம்போலப் பென்சிலால் கதவில் சின்னத்தை வரைந்து, "பாத்துக்க, மேலருந்து ரெண்டாவது" என்றார். பார்த்துக்கொண்டேன். மறுநாள் மறைப்புக்குள் போனேன். சீட்டை விரித்தேன். மேலிருந்து நான்காவதாக இன்னொருவர் சின்னம் இருந்தது. எங்கள் தெருவுக்குக் குழாய் போட்டுக்கொடுத்த மனுஷர் அவர். அதற்கு முன்னால் ஆறு வருடம் இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று அடுத்த தெருவிலிருந்து தண்ணீர் சுமந்தவள் நான். என் வீட்டுக்காரர் ஒரு குடம் சுமந்தது கிடையாது. முத்திரையை எடுத்துக் குழாய்க்காரர் பக்கத்தில் ஒரே குத்து. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் வெளியே வந்தேன்.

என் வீட்டுக்காரர் நிறுத்திய ஆள் தோற்றுப்போனார். இவர் மூன்று நாள் சவரம் செய்யவில்லை. "கூடவே இருந்து எவனோ குழி பறிச்சிட்டான்" என்று புலம்பினார். நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். அந்த ரகசியத்தை நான்கு வருடம் என் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு நான் சோறு போட்ட கையாகத் தெரியமாட்டேன், குழி பறித்த கையாகத்தான் தெரிவேன். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

இப்போது யோசெஃபிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்றால் ரேவதி வாய் வழியாகத்தான் சொல்லமுடியும். ரேவதிக்குத் தெரிந்தால் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் பத்து நாளில் கருவடிக்குப்பத்துக்குக் கடிதம் போய்விடும். என் அக்காவின் வயிற்றில் ஒரு சேதி தங்கினதாகச் சரித்திரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை ரேவதியும் குழந்தையும் வீட்டுக்கு வந்தார்கள். புதன் முழுக்க எனக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் யோசெஃப் மாடு கறந்துவிட்டு, கையைக் கழுவி, பேத்தியைப் பார்க்க வந்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

"ரேவதி, நான் சொல்றத ஒரு வார்த்த விடாம அவருகிட்ட சொல்லு. உங்க சித்தப்பாவுக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல."

சொன்னேன். கதவில் வரைந்த பென்சில் படம், தண்ணீர்க் குடம், மேலிருந்து நான்காவது, மிளகு ரசம், எல்லாவற்றையும் சொன்னேன். ரேவதியின் கண் விரிந்துகொண்டே போனது. "அடப்பாவி சித்தி!" என்று நடுவில் ஒரு தடவை சொன்னாள். அதையும் மொழிபெயர்த்தாளோ என்னவோ.

யோசெஃப் சிரிக்கவில்லை. விரலைக் குழந்தையிடமிருந்து எடுக்கவும் இல்லை. குழந்தையைப் பார்த்தபடியே கேட்டார்.

"புருஷனிடம் ஏன் சொல்லவில்லை?"

"அவர் கேக்கவே இல்லியே" என்றேன். "இருபது வருஷமா சொல்லிக்கினேதானே இருக்காரு. நீ யாருக்குப் போடப் போறேன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

ரேவதி இதையும் சொன்னாள். யோசெஃப் தலையைத் தூக்கி இன்னொன்று கேட்டார்.

"அந்தக் குழாயில் இன்னும் தண்ணீர் வருகிறதா?"

"தெனம் காலைல வருது."

நான் விடவில்லை. "இன்னொண்ணும் சொல்லுடி. மொதல்ல சொன்ன கதைய ஊரெல்லாம் கொண்டுபோனாரு இல்ல? இதையும் கொண்டுபோகச் சொல்லு. பாதிக் கதையச் சொல்லிட்டு விட்டா எப்பிடி?"

யோசெஃப் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் ஹில்டா துவைத்த துணிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கன்னத்தில் கையை வைத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வோட்டுப் போட வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நேரம் கொடுத்திருந்தார்கள். மார்ட்டின் வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டான். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் கிராமத்து ஆண்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊர் மண்டபத்தை நோக்கிப் போனார்கள். எங்கள் ஊர் வோட்டுச் சாவடி என்றால் பந்தல், சோடா, கொடி, ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போகிற சத்தம். இங்கே கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி மெதுவாகப் போனார்கள். பெண்கள் மட்டும் எதிர்ப்பக்கமாக வீட்டுக்கு நடந்தார்கள்.

யோசெஃப் திரும்பி வந்து, நேராகத் தொழுவத்துக்குப் போய்விட்டார். ஹில்டா உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார். ஐந்து பேருக்கு வேண்டியதை உரித்து முடித்தும் நிறுத்தவில்லை. உரித்துக்கொண்டே இருந்தார். மார்ட்டின் முடிவு தெரிந்துகொள்ள வாடூஸுக்குப் போயிருந்தான். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எங்கள் ஊர் தேர்தலுக்கு நான் ஒரு நாளும் அப்படித் தவித்ததில்லை.

போன் அடித்தது. ரேவதி எடுத்தாள். கேட்டாள். ரிசீவரைப் பிடித்தபடியே கத்தினாள்.

"ஜெயிச்சிடுச்சி! சித்தி, ஜெயிச்சிடுச்சி! நூத்திச் சொச்சம் வோட்டுதான் அதிகம்!"

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு நாட்டுக்கே நூற்றுச் சொச்சம்! எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும். பேக்கரி அம்மாள் வாசலில் வந்து நின்று அழுதாள், சிரித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள். ஹில்டா கத்தவில்லை. கத்தியை வைத்தார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நேராக நடந்து ஊர் மண்டபத்துக்குப் போய், உள்ளே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவ்வளவுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு அத்தனை உருளைக்கிழங்கையும் வேகப்போட்டார்.

சாப்பாட்டு மேஜையில் ஹில்டா யோசெஃபிடம் கேட்டார். ரேவதி என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நீ என்ன போட்டாய்?"

யோசெஃப் கரண்டியால் என்னைக் காட்டினார்.

"அந்த அம்மாளைக் கேள். மறைப்புக்குள் நடந்ததை வீட்டில் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்."

எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பேக்கரியில் ஒரு கிழவர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி, "தண்ணீர்க் குழாய்!" என்றார். பாதிக் கதையோடு யோசெஃப் விடவில்லை என்று தெரிந்தது.

பிறகு இரண்டு மாதம் பறந்துபோனது. ஆகஸ்டில் ஒலிம்பிக்கை அவர்கள் வீட்டு டிவியில் பார்த்தோம். தடை தாண்டும் ஓட்டத்தில் எங்கள் நாட்டுப் பெண் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டபோது நான் அழுதேன், யோசெஃப் மேஜையைக் குத்தினார். ஆகஸ்ட் பதினைந்து அவர்களுக்கும் தேசியத் திருநாள்! நம்ப முடிகிறதா? நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, இது என் நாட்டுக்கும் விழா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கோட்டைக்குக் கீழே வாணவேடிக்கை. மலை எதிரொலித்து ஒவ்வொரு வெடியும் மூன்று தடவை கேட்டது. அந்த மாதக் கடைசியில் ராஜா ஆட்சிப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார். ஒரே கோடையில் இத்தனையும் அந்தக் கைக்குட்டை அளவு நாட்டில் நடந்தது. நான் ஊருக்குக் கிளம்பினேன். யோசெஃப் என் பெட்டியைக் காருக்குள்ளேயே வைத்தார்.

சென்னையில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். பஸ்ஸில் புதுச்சேரி வரும்வரை குழந்தையைப் பற்றிக் கேட்டார், மாட்டைப் பற்றிக் கேட்டார். வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவைத் திறந்தேன். மேலாக அக்காவின் கடிதம் இருந்தது, பிரித்துப் படித்து மறுபடி மடித்தது. நான் பார்க்கவேண்டும் என்றே வைத்திருக்கிறார். என் ரகசியம் எனக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். செப்டம்பர் போயிற்று. அக்டோபரில் நாட்டையே உலுக்கிய அந்தச் சாவு வந்தது. டிசம்பரில் தேர்தல் என்றார்கள். அவர் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு கிளம்பினார். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

தேர்தலுக்கு முதல் நாள் கதவைப் பார்த்தேன். பென்சில் படம் இல்லை. பழைய படங்கள் மேல் ஈரத் துணியால் தேய்த்த அடையாளம் இருந்தது.

அன்று காலையிலேயே குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். குடம் பாதி நிறைந்தது.

"அஞ்சல. நாளைக்கி... நீ யாருக்குப் போடலாம்னு இருக்குற?"

கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்த மனுஷன் முதன்முதலாகக் கேட்டார். கேட்டுவிட்டாரே, இனி மறைக்கக் கூடாது என்று உண்மையைச் சொன்னேன். இந்தத் தடவை நான் நன்றாக யோசித்து, தெருவில் நாலு பேர் பேசுவதைக் கேட்டு, நானாக முடிவு செய்து வைத்திருந்தது அவருடைய சின்னத்தைத்தான்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். குனிந்து நிறைந்த குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"பொய் சொல்லாதடி" என்றார்.

இன்றுவரை அவர் நம்பவில்லை.